மீத்தேன் அளக்கும் லேசருக்கு ஒரு மாடல்: எட்டு வர வேண்டிய இடத்தில் ஐந்து

சில மாதங்களாக மாலை நேரங்களில் செய்துவந்த வேலை இது. ஒரு குழாய்க்குள் மீத்தேன் எவ்வளவு இருக்கிறது என்பதை லேசர் ஒளியை வைத்து அளக்க வேண்டும், அதற்கு முன்னால் அந்த அமைப்பு முழுவதையும் பைத்தானில் ஒரு மாடலாக எழுதிப் பார்த்துவிட வேண்டும். மாடலை முதலில் எழுதியதற்குக் காரணம் சாதாரணமானதுதான்: இந்த வகை லேசர் விலை அதிகம், எந்த அலைநீளம், எத்தனை சென்டிமீட்டர் பாதை, எவ்வளவு இரைச்சல் வரை தாங்கும் என்று தெரியாமல் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்க மனமில்லை. ஆனால் மாடல் உண்மையில் கைகொடுத்தது வாங்குவதற்கு முன்பு அல்ல, வாங்கிய பிறகு. வாயுவின் பகுதி ஓரிரு நாளில் முடிந்தது. லேசரும் கண்ணாடியும்தான் வாரக்கணக்கில் இழுத்தன, அந்த இரண்டையும் மாடலுக்குள் கொண்டுவரும் வரைக்கும் மேசையில் நடப்பது எதுவும் விளங்கவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒவ்வொரு வாயு மூலக்கூறும் சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் ஒளியை விழுங்கும். அந்த அலைநீளத்துக்கு லேசரைக் கொண்டுபோய், கொஞ்சம் இந்தப் பக்கமும் கொஞ்சம் அந்தப் பக்கமும் நகர்த்தினால், மறுமுனையில் இருக்கும் டிடெக்டரில் ஒரு பள்ளம் தெரியும். பள்ளத்தின் ஆழம் எவ்வளவு என்பதைப் பியர்–லாம்பர்ட் விதி சொல்கிறது. ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, ஒரு மூலக்கூறு ஒளிக்குக் காட்டும் குறுக்குவெட்டு, பாதையின் நீளம், இந்த மூன்றையும் பெருக்கி, அதை e என்ற எண்ணின் எதிர்க்குறி அடுக்காக எடுத்தால் எவ்வளவு ஒளி மிஞ்சும் என்று வந்துவிடும். மொத்தக் கணக்கும் இந்த ஒரு வரிதான். குறுக்குவெட்டைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

மீத்தேன் மிக வலுவாக விழுங்குவது 3.3 மைக்ரான் பக்கத்தில். ஆனால் அங்கே வேலை செய்யும் லேசரும் டிடெக்டரும் கைக்கு எட்டாத விலை. அதே அதிர்வின் முதல் மேற்சுரம் (ஏறத்தாழ இரு மடங்கு அதிர்வெண்ணில் வருவது) 1.65 மைக்ரானில் வருகிறது, வலிமை சுமார் நூறில் ஒரு பங்கு, ஆனால் தொலைத்தொடர்பு ஃபைபர் உலகத்தில் பழகிய டிஎஃப்பி டையோடு லேசரும் (ஒரே அலைநீளத்தில் மட்டும் ஒளிரும் வகை), சாதாரண இண்டியம் காலியம் ஆர்சனைடு ஃபோட்டோடையோடும் போதும். அதில் நான் எடுத்துக்கொண்டது 1653.7 நானோமீட்டரில் இருக்கும் கோட்டுக் கூட்டம், அலை எண்ணில் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கில்) சொன்னால் 6046.95 செ.மீ⁻¹. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அங்கே பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை, அதனால்தான் மீத்தேனுக்கு இந்த இடத்தைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கோடுகளின் விவரம் ஹிட்ரான் தரவுத்தளத்தில் கிடைக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க விமானப்படையின் ஆய்வகத்தில் தொடங்கிய தொகுப்பு, இப்போது ஹார்வர்ட்–ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையம் பராமரிக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் இடம், வலிமை, காற்றில் எவ்வளவு அகலமாகும், தன் இனத்தோடு மோதினால் எவ்வளவு அகலமாகும், கீழ்நிலை ஆற்றல், வெப்பநிலை அடுக்கு, அழுத்தத்தால் எவ்வளவு நகரும் என்று எல்லாம் இருக்கும், 296 கெல்வினுக்கும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கும் கொடுத்த எண்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே இருக்கும் வலிமையில் ஐசோடோப்பு விகிதம் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கும், நாம் மறுபடி பெருக்கினால் தவறு.

6046.95 என்று ஒற்றைக் கோடு போலச் சொன்னாலும் அங்கே இருப்பது மூன்று கோடுகள், முதலுக்கும் கடைசிக்கும் இடையே 0.02 செ.மீ⁻¹ சுமார். சாதாரண காற்றழுத்தத்தில் ஒவ்வொன்றின் அரை அகலமே (பாதி உயரத்தில், நடுவிலிருந்து ஒரு பக்கம் வரை) 0.06 பக்கம் என்பதால் மூன்றும் கலந்து ஒரே மேடாகத்தான் தெரியும். மூன்றின் கூட்டு வலிமை ஹிட்ரான் அலகில் ஏறத்தாழ 3×10⁻²¹. வடிவத்துக்கு வாய்ட் சார்பு: மோதலால் வரும் லாரென்ட்ஸ் அகலமும், மூலக்கூறு ஓடுவதால் வரும் டாப்ளர் அகலமும் கலந்த வடிவம். அறை வெப்பநிலையில் மீத்தேனுக்கு இந்த இடத்தில் டாப்ளர் அரை அகலம் 0.0093 செ.மீ⁻¹தான், அதாவது லாரென்ட்ஸ் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. வெறும் லாரென்ட்ஸ் போட்டாலே ஓரளவு சரியாக வரும். ஆனாலும் வாய்ட்டையே போட்டேன், ஏனென்றால் சைபை என்ற பைத்தான் நூலகத்தில் இதற்கான ஃபாதீவா சார்பு தயாராக இருக்கிறது, அதன் மெய்ப்பகுதியை எடுத்தால் வேலை முடிந்தது, அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கும் நாளில் மறுபடி எழுத வேண்டியதில்லை.

மேசையில் இருந்தது இது: பதினான்கு கால் கொண்ட பெட்டியில் வரும் லேசர், அதன் உள்ளேயே பெல்டியரும் (மின்சாரத்தால் குளிர்விக்கும், சூடாக்கும் தகடு) தெர்மிஸ்டரும் (வெப்பநிலை உணரி), ஃபைபர், அதன் முனையில் ஒளியை இணைகற்றையாக்கும் ஒரு கொலிமேட்டர் லென்ஸ், 20 சென்டிமீட்டர் நீளக் குழாய், இரண்டு பக்கமும் தட்டையான கண்ணாடி ஜன்னல், மறுமுனையில் ஃபோட்டோடையோடு. எல்லாம் ஒரே அலுமினியத் தட்டின் மேல். குழாய்க்குள் 1 சதவீத மீத்தேன், மீதி நைட்ரஜன். மீத்தேன் காற்றில் 5 சதவீதத்தைத் தொட்டால்தான் தீப்பிடிக்கும் எல்லை தொடங்குகிறது, 1 சதவீதமும் நைட்ரஜனும் என்றால் பயமில்லை. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் முதலில் சிவப்பு லேசரை ஃபைபரில் விட்டுப் பாதையைச் சரிசெய்துவிட்டு அப்புறம் மாற்றினேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒருநாளும் லேசரை ஆன் செய்யவில்லை.

முதல் நாள் கோடே கிடைக்கவில்லை. வெப்பநிலையை மாற்றினால் இந்த லேசர் ஒரு டிகிரிக்கு 0.1 நானோமீட்டர் நகரும், அலைநீளமானியில் 1653.7 என்று காட்டும் வரை கொண்டுபோய் வைத்தேன், பள்ளம் இல்லை. கடைசியில் பார்த்தால் அந்த மானி காற்றில் உள்ள அலைநீளத்தைக் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. தரவுத்தளம் வெற்றிடத்தில் பேசும். காற்றின் ஒளிவிலகல் எண் 1.00027 என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும், இந்த அலைநீளத்தில் அது 0.45 நானோமீட்டர், அதாவது லேசர் வெப்பநிலையில் நாலரை டிகிரி. கோட்டின் முழு அகலமே 0.04 நானோமீட்டர் கூட இல்லை. மானியை வெற்றிடத்துக்கு மாற்றினேன், பத்து நிமிடத்தில் பள்ளம் வந்துவிட்டது.

பள்ளம் வந்தது, ஆனால் மாடலோடு ஒத்துவரவில்லை. அளந்தது ஏழரை சதவீதம். மாடல் பதின்மூன்றரை சொன்னது. சிலிண்டரைச் சந்தேகித்தேன், குழாயில் கசிவா என்று பார்த்தேன். அப்புறம் ஒன்று தோன்றியது: பள்ளத்தின் ஆழத்தை விட்டுவிட்டு, அதன் கீழுள்ள பரப்பளவை ஒப்பிடலாம். பரப்பு கோட்டின் அகலத்தைப் பொறுத்ததே இல்லை. வலிமை, மூலக்கூறு எண்ணிக்கை, பாதை நீளம், மூன்றின் பெருக்கம்தான் அது. வாயு குறைவாக இருந்தால் பரப்பு குறையும், அகலத்தில் தவறு என்றால் பரப்பு அப்படியே இருக்கும். ஒளி அளவை மடக்கைக்கு மாற்றி, கோட்டின் மேல் கூட்டிப் பார்த்தேன், 0.0158 செ.மீ⁻¹ வந்தது. மாடலிலும் 0.0157. ஆக வாயுவில் குறை இல்லை. தவறு என் நிரலில், தரவுத்தளம் கொடுக்கும் அரை அகலத்தை முழு அகலம் என்று எடுத்து ஒரு இடத்தில் இரண்டால் வகுத்திருந்தேன். இந்தப் பரப்புச் சோதனையை இப்போது எந்த ஒப்பீட்டிலும் முதலில் செய்கிறேன், வாயுவின் மேல் பழி போடுவதா நிரலின் மேல் போடுவதா என்பது ஒரே எண்ணில் தெரிந்துவிடுகிறது.

அதைத் திருத்தியதும் உச்சக் குறுக்குவெட்டு 1.6×10⁻²⁰ சதுர சென்டிமீட்டர் வந்தது. இதிலிருந்து ஒரு கைக்கணக்கு கிடைக்கும், அதை எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிவைத்தேன்: ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மீத்தேன் ஒரு மீட்டர் பாதையில் இருந்தால் ஒளி 4×10⁻⁵ பங்கு குறையும். என் குழாய் 20 சென்டிமீட்டர். 10 பிபிஎம் அளக்க வேண்டும் என்றால் பள்ளம் 8×10⁻⁵, பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெறும் பள்ளத்தைப் பார்த்து அதைப் பிடிப்பது நடக்காத காரியம், லேசர் ஒளியே மின்னோட்டத்தோடு ஏறி இறங்கும்போது அந்தச் சரிவின் மேல் இவ்வளவு சின்னக் குழியை எங்கே தேடுவது?

இதற்குத்தான் அலைநீள மாடுலேஷன். லேசரின் மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே (என்னிடம் நொடிக்கு 50 முறை), அதன் மேல் 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைச் சேர்க்கிறோம். அலைநீளம் கோட்டின் குறுக்கே வேகமாக ஊசலாடும். கோட்டின் நடுவில் நின்று ஊசலாடும்போது, ஒரு ஊசலுக்கு இரண்டு தரம் நடுவைக் கடக்கிறது, அதனால் டிடெக்டரில் 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு பிறக்கிறது. அந்த இரண்டாம் ஹார்மோனிக்கை (கொடுத்த அதிர்வெண்ணின் இரு மடங்கில் வரும் பகுதியை) மட்டும் லாக்-இன் முறையில், அதாவது அதே அதிர்வெண் அலையால் பெருக்கி வடிகட்டி, பிரித்தெடுத்தால், கோடு வளைந்திருக்கும் இடத்தில் மட்டுமே சிக்னல் இருக்கும், நேரான சரிவு தானாகவே விழுந்துவிடும். குறைந்த அதிர்வெண்ணில் குவிந்திருக்கும் இரைச்சலிலிருந்தும் விலகி வந்துவிடுகிறோம்.

மாடலில் இதை எழுதும்போது சூத்திரம் தேடிப் போகவில்லை, நடப்பதை அப்படியே எழுதினேன். நொடிக்கு பத்து லட்சம் மாதிரி, ஒரு ஏற்றத்துக்கு 20 மில்லிநொடி, ஆக 20,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் லேசரின் அலை எண் என்ன, ஒளி அளவு என்ன, வாயு எவ்வளவு விழுங்கும், டிடெக்டரில் என்ன வரும், அப்புறம் அந்த அலையை 20 கிலோஹெர்ட்ஸ் கொசைனாலும் சைனாலும் பெருக்கி வடிகட்டியில் போட வேண்டும். வாய்ட்டை ஒருமுறை நெருக்கமான அட்டவணையாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு இடைக்கணிப்பு செய்தால் போதும், பொருத்திப் பார்க்கும்போது ஆயிரம் முறை ஓட வேண்டியிருக்கும். இப்படி எழுதியதில் பெரிய லாபம் என்னவென்றால், மேசையில் எடுத்த உண்மையான டிடெக்டர் பதிவையும் அதே நிரலில், அதே வடிகட்டியில் போடலாம். இரண்டும் ஒரே பாதையில் வருவதால் வடிகட்டி செய்யும் கோணல் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

ஊசலின் வீச்சு எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு தெரிந்த விடை உண்டு. லாரென்ட்ஸ் கோட்டுக்கு, வீச்சு அரை அகலத்தைப் போல 2.2 மடங்கு இருக்கும்போது இரண்டாம் ஹார்மோனிக் உச்சத்தில் இருக்கும். என் கோட்டின் அரை அகலம் எல்லாம் கலந்து 0.065 செ.மீ⁻¹, ஆக வீச்சு 0.14 வேண்டும். லேசர் ஒரு மில்லியாம்பியருக்கு எவ்வளவு நகர்கிறது? அதை அளக்க ஃபைபரிலேயே ஒரு குறுக்கீட்டுமானி செய்தேன்: ஒளியைப் பிரிக்கவும் சேர்க்கவும் இரண்டு கப்ளர், நடுவில் இரண்டு கிளை, ஒன்று மற்றதைவிட 20 சென்டிமீட்டர் நீளம். அலை எண் 0.034 செ.மீ⁻¹ நகரும் ஒவ்வொரு தரமும் ஒரு ஃப்ரிஞ்சு (வெளியீட்டில் ஒளி ஒருமுறை ஏறி இறங்குவது) வரும். மெதுவான ஏற்றத்தில் 27 மில்லியாம்பியருக்கு 29 ஃப்ரிஞ்சுகளுக்குக் கொஞ்சம் மேல் எண்ணினேன், அதாவது 1 செ.மீ⁻¹. ஒரு மில்லியாம்பியருக்கு 0.037. 0.14 வேண்டுமானால் 3.8 மில்லியாம்பியர் வீச்சு. சரி என்று வைத்தேன்.

மாடலில் வந்த இரண்டாம் ஹார்மோனிக்கையும் மேசையில் வந்ததையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன். நடு உச்சம் மாடலைவிட 12 சதவீதம் குறைவு. 12 சதவீதம்தானே, சிலிண்டர் சான்றிதழில் ஒரு பிழை, டிடெக்டர் பெருக்கத்தில் ஒரு பிழை என்று சொல்லி ஒரு திருத்த எண்ணைப் பெருக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உருவமும் ஒத்துவரவில்லை. நடு உச்சத்துக்கு இரு பக்கமும் கீழே இறங்கும் இரண்டு பள்ளங்கள் இருக்குமே, மேசையில் அவை நடுவுக்கு மிக நெருக்கமாக இருந்தன. உயரத்தை எதனால் பெருக்கினாலும் அகலம் மாறாது. அதனால் அந்தத் திருத்த எண்ணைப் போடவில்லை.

அலை எண் அச்சு சரியாகத்தான் இருந்தது, அது மெதுவான ஏற்றத்திலிருந்து வந்தது, பரப்புச் சோதனையிலும் தேறிவிட்டது. மிச்சம் இருந்தது ஊசலின் வீச்சு. ஏற்றத்தை நிறுத்திவிட்டு, வெறும் 10 கிலோஹெர்ட்ஸ் சைனை மட்டும் லேசருக்குக் கொடுத்து, குறுக்கீட்டுமானியின் வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். சைனின் அடியிலிருந்து உச்சிக்குப் போகும் 50 மைக்ரோநொடியில் அலை எண் வீச்சைப் போல இரண்டு மடங்கு நகர வேண்டும், 0.28 செ.மீ⁻¹, அதாவது எட்டு ஃப்ரிஞ்சுகள். திரையை நிறுத்திவைத்து, விரலை வைத்து எண்ணினேன். ஓரங்களில் ஃப்ரிஞ்சுகள் அகலமாக, நடுவில் நெருக்கமாக, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, அப்புறம் ஒரு துண்டு, அவ்வளவுதான். இன்னொரு அரைச் சுற்றை எடுத்து எண்ணினாலும் ஐந்தும் ஒரு துண்டும்.

காரணம் லேசருக்குள்ளேயே இருக்கிறது. மின்னோட்டம் ஏறும்போது அலைநீளம் நகர்வதில் பெரும்பகுதி வெப்பத்தால் வருவது, சிப் கொஞ்சம் சூடாகிறது, ஒளிவிலகல் எண் மாறுகிறது. நொடிக்கு 50 முறை என்றால் சிப்புக்குச் சூடாக நேரம் இருக்கிறது. நொடிக்கு 10,000 முறை என்றால் முழுதாகச் சூடாவதற்குள் மின்னோட்டம் திரும்பிவிடுகிறது. அதனால் அதே மில்லியாம்பியருக்கு நகர்வு குறைவு, என் லேசரில் மெதுவான மதிப்பில் 63 சதவீதம். அதோடு அலைநீளம் மின்னோட்டத்துக்குப் பின்தங்கியும் வரும், அந்தக் கட்ட வேறுபாட்டையும் இதே சோதனையில் படித்துக்கொள்ளலாம். நானோ லேசரை ஒரே எண்ணாக, மில்லியாம்பியருக்கு 0.037 என்று மாடலில் எழுதிவைத்திருந்தேன். அந்த எண் அதிர்வெண்ணைப் பொறுத்தது, அதனால் அதிர்வெண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி அளக்க வேண்டும்.

மாடலில் வீச்சை 0.088 ஆக மாற்றினேன், உயரமும் அகலமும் பக்கப் பள்ளங்களும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தன. மிச்சம் இருந்த ஓரிரு சதவீதம், ஹிட்ரான் கொடுக்கும் அகலம் காற்றுக்கானது, என் குழாயில் வெறும் நைட்ரஜன், நைட்ரஜன் கோட்டைக் காற்றைவிடச் சற்றே அதிகம் அகலமாக்கும் என்பதில் போனது. வீச்சு இத்தனை தவறாக இருந்தும் உயரம் 12 சதவீதம்தான் ஏன் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2.2 மடங்கு என்பது ஒரு தட்டையான மேடு, அந்த மேட்டிலிருந்து 1.36க்கு இறங்கினாலும் உயரம் அதிகம் போகாது. அதனால் உயரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தவறு தெரியவே தெரியாது. தீங்கு பின்னால் வரும், ஏனென்றால் 1.36 இருப்பது ஒரு சரிவில். காற்றழுத்தம் மாறிக் கோட்டின் அகலம் கொஞ்சம் மாறினாலே அளவீடு மாறும். மேட்டின் நடுவில் இருந்தால் அந்த மாற்றம் பெரும்பாலும் காணாமல் போகும்.

ஆகவே மின்னோட்ட வீச்சை 6 மில்லியாம்பியருக்கு ஏற்றினேன். எட்டு ஃப்ரிஞ்சு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நைட்ரஜனை மட்டும் ஓடவிட்டு பூச்சியத்தைப் பார்த்தால், முன்பு இல்லாத ஒரு அலை. மீத்தேனே இல்லாத குழாயில், 15 பிபிஎம் அளவுக்கு மேலும் கீழும், ஏற்றம் முழுக்கச் சீரான நெளிவு. தவறைத் திருத்தினேன், அளவீடு கெட்டுப்போனது. இரண்டு நாள் இதோடு இருந்தேன்.

சீரான நெளிவு என்றாலே இரண்டு கண்ணாடிப் பரப்புகளுக்கு இடையே ஒளி முன்னும் பின்னும் போய்வருகிறது என்று பொருள். ஜன்னலில் பட்டு மிகச் சிறிய பங்கு திரும்புகிறது, அது இன்னொரு பரப்பில் பட்டு மறுபடி முன்னே வருகிறது, நேராகப் போன ஒளியோடு சேர்ந்து குறுக்கீடு செய்கிறது. இவ்வளவு குறைவான ஒளி என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் குறுக்கீட்டில் கூடுவது ஒளியின் திறன் இல்லை, அலையின் வீச்சு, திறனின் வர்க்கமூலம். திரும்பி வந்த ஒளி ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்வோம், 10⁻¹⁰. வீச்சு 10⁻⁵. டிடெக்டரில் அடியிலிருந்து உச்சி வரை 4×10⁻⁵ ஏறி இறங்கும். மேசைக்கு முன்னால் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன்: சரியாக ஒரு மீட்டருக்கு ஒரு பிபிஎம் மீத்தேன். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒளி, ஒரு பிபிஎம் மீத்தேன் போல வேஷம் போடுகிறது. இதைக் கணக்கிட்ட பிறகு எந்தக் கண்ணாடியையும் பழைய மாதிரிப் பார்க்க முடியவில்லை.

நெளிவின் இடைவெளியை அளந்தேன், 1 செ.மீ⁻¹ ஏற்றத்தில் ஒன்பது நெளிவு, ஒன்றுக்கு 0.11. இந்த இடைவெளியிலிருந்து இரண்டு பரப்புகளுக்கு இடையேயான தூரம் நேராக வந்துவிடும்: ஒன்றை, இடைவெளியைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 4.5 சென்டிமீட்டர், இடையில் காற்று என்றால். கண்ணாடிக்குள் என்றால் அதை ஒளிவிலகல் எண்ணால் வகுக்க வேண்டும், 3 சென்டிமீட்டர் தடிமனில் என்னிடம் கண்ணாடி எதுவும் இல்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு மேசையில் ஒவ்வொரு ஜோடியாக அளந்தேன். ஜன்னலிலிருந்து ஜன்னல், 20. பின் ஜன்னலிலிருந்து டிடெக்டர், 7க்கு மேல். கொலிமேட்டர் லென்ஸிலிருந்து முன் ஜன்னல், 45 மில்லிமீட்டர்.

உறுதி செய்ய ஒரு எளிய வழி இருந்தது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 23 பங்கு நீளும், 45 மில்லிமீட்டர் தட்டு ஒரு டிகிரி ஏறினால் ஒரு மைக்ரான் நீளும். தூரம் அரை அலைநீளம், 0.83 மைக்ரான், மாறினாலே நெளிவு ஒரு முழுச் சுற்று நகர்ந்துவிடும். உள்ளங்கையை லென்ஸுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு திரையைப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை, பத்து நொடி கழித்து நெளிவு மொத்தமும் மெதுவாகப் பக்கவாட்டில் ஊர ஆரம்பித்தது. கையை எடுத்தால் நின்றது, அப்புறம் திரும்பி வந்தது. டிடெக்டர் பக்கம் கையை வைத்தபோது அசையவே இல்லை.

ஆனால் இந்த ஜோடி முன்பும் இதே இடத்தில்தானே இருந்தது, வீச்சு குறைவாக இருந்தபோது நெளிவு ஏன் தெரியவில்லை? இதற்கு மாடல்தான் பதில் சொன்னது. மாடலில் வாயுவை எடுத்துவிட்டு 0.11 இடைவெளியில் ஒரு கொசைன் நெளிவை மட்டும் போட்டு, ஊசல் வீச்சைச் சின்னதிலிருந்து பெரிதாக ஓட்டினேன். நெளிவிலிருந்து பிறக்கும் இரண்டாம் ஹார்மோனிக் வீச்சோடு சீராக ஏறவில்லை, ஏறி, இறங்கி, பூச்சியத்தைத் தொட்டு, மறுபடி எதிர்ப்பக்கம் ஏறியது. இரண்டாம் வரிசைப் பெஸ்ஸல் சார்பின் வடிவம் அது. அந்தச் சார்பின் முதல் பூச்சியம் 5.136இல் வருகிறது, என் நெளிவுக்கு அது 0.090 வீச்சு. நான் தெரியாமல் வைத்திருந்த தவறான வீச்சு 0.088. அதாவது அந்தத் தவறு, தற்செயலாக, நெளிவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. 0.14க்கு ஏற்றியதும் மூடியிருந்தது திறந்துவிட்டது.

இதை இன்னொரு விதத்திலும் பயன்படுத்தலாம் என்று உடனே தெரிந்தது. அடுத்த பூச்சியம் 8.417, அது 0.147 வீச்சு. வாயு சிக்னலின் உச்சம் 0.14 பக்கத்தில் ஒரு தட்டையான மேடு என்று மேலே சொன்னேனே, 0.14ஐ 0.147 ஆக்கினால் வாயு சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது, நெளிவு செத்துவிடும். மின்னோட்டத்தை 6இலிருந்து 6.3 மில்லியாம்பியர் பக்கம் மெதுவாக ஏற்றிக்கொண்டே திரையைப் பார்த்தேன். நெளிவு சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் இரைச்சலுக்குள் மறைந்து, அதைத் தாண்டியதும் தலைகீழாக மறுபடி எழுந்தது. மாடல் சொன்ன இடத்தில், மாடல் சொன்ன மாதிரியே. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

ஆனாலும் வீச்சை வைத்து ஒரு நெளிவைத்தான் கொல்ல முடியும், மூலத்தை எடுப்பதுதான் சரி. குழாயை ஒளிப்பாதைக்கு மூன்று நான்கு டிகிரி சாய்த்து வைத்தேன், திரும்பும் ஒளி லென்ஸில் படாமல் பக்கத்தில் போய்விடட்டும் என்று. நெளிவு ஐந்தில் ஒரு பங்கானது. ஃபோட்டோடையோடின் தலையில் இருக்கும் தட்டைக் கண்ணாடியும் ஒரு குற்றவாளி, அது ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமன் என்பதால் நெளிவின் இடைவெளி 3 செ.மீ⁻¹க்கு மேல், என் ஏற்றத்துக்குள் முழு அலை வராது, ஒரு வளைவு போல மட்டும் தெரியும். அது இன்னும் ஆபத்து, நெளிவு என்றே தோன்றாது. டிடெக்டரையும் சாய்த்தேன். இப்போது வாங்குவதானால் ஆப்பு வடிவ ஜன்னல்களைத்தான் வாங்குவேன்.

மீதி விஷயங்கள் சுலபமாக முடிந்தன. இரண்டாம் ஹார்மோனிக்கை முதல் ஹார்மோனிக்கால் வகுத்தேன், முதல் ஹார்மோனிக் பெரும்பாலும் லேசர் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்தே வருவதால் அது மொத்த ஒளிக்கு நேர்விகிதம். ஒளிப்பாதையில் ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தால் இரண்டாம் ஹார்மோனிக் பாதிக்குக் கீழே விழுந்தது, விகிதம் கிட்டத்தட்ட அசையவில்லை. ஜன்னலில் தூசி படிந்தாலும் அளவீடு தப்பாது என்பதற்கு அந்தக் காகிதம் போதுமான சாட்சி. வெப்பநிலைக்குத் திருத்தம் அவசியம்: சூடு ஏறினால் மூலக்கூறு அடர்த்தி குறைகிறது, கோட்டின் வலிமையும் குறைகிறது, அகலம் கொஞ்சம் சுருங்கி ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது, எல்லாம் சேர்ந்து 10 டிகிரிக்கு உச்சம் சுமார் 5 சதவீதம் இறங்கும். குழாய்க்குள் ஒரு தெர்மிஸ்டர் வைத்து அந்தத் திருத்தத்தை மாடலிலிருந்தே எடுக்கிறேன். அழுத்தத்துக்கு அவ்வளவு கவலை வேண்டாம், அழுத்தம் ஏறினால் மூலக்கூறும் கூடும், கோடும் அதே அளவு விரியும், உச்சம் ஏறத்தாழ அங்கேயே நிற்கும், வீச்சும் மேட்டின் நடுவில் இருப்பதால் மிச்சமும் அடங்கிவிடுகிறது.

இப்போது நைட்ரஜனில் பூச்சியம் இரண்டு மூன்று பிபிஎம்முக்குள் ஒரு இரவு முழுக்க நிற்கிறது. டிடெக்டரில் ஒரு மில்லியாம்பியர் ஒளி மின்னோட்டத்துக்கு ஒளித்துகள் இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸில் 2×10⁻⁸ பங்குதான், அதற்கும் இதற்கும் இன்னும் ஆயிரம் மடங்கு போல இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளி முழுக்கக் கண்ணாடி. அடுத்ததாக ஃபைபர் இணைப்பி ஒவ்வொன்றையும் கழற்றி, 8 டிகிரி சாய்வாகத் தீட்டிய முனைகளாக மாற்றப்போகிறேன். ஒவ்வொன்றை மாற்றும்போதும் நெளிவின் இடைவெளியைக் குறித்து, ஸ்கேலில் அளந்த தூரங்களோடு ஒரு அட்டவணையாக எழுதிக்கொண்டு வருகிறேன். முதல் மூன்று வரிகள் எழுதியாயிற்று, நான்காவது 0.31 செ.மீ⁻¹, அதாவது காற்றில் 16 மில்லிமீட்டர், அது எந்த ஜோடி என்று இன்னும் பிடிபடவில்லை.